பட்டிவீரன்பட்டிச் சௌந்தரபாண்டியனார்

நம் சாணார்பட்டியினின்றும் திண்டுக்கல்லைக் கடந்து தென்மேற்கே செல்வோர் கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்திலே பட்டிவீரன்பட்டியைக் காண்பர். மலைமேல் விளையுங் காப்பி வந்திறங்கும் ஊர் அது. ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார் 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அவ்வூரில், காப்பித் தோட்டமுடைய செல்வக் குடும்பத்திலே பிறந்தார்.

காப்பி, நட்ட ஆண்டிலே பயன்தரும் பயிரன்று. நிழல்மரம் வளர்த்து, களைநீக்கி, மூன்று நான்கு ஆண்டு கைப்பொருளைச் செலவிட்ட பின்னரே பழம் பறிக்கலாகும். அத்தகைய தோட்டத்திற்குரியார் தம் வருவாயோடு அமைந்து இனிது வாழ்ந்திருத்தல் கூடும். இவர் அங்ஙனம் அமைந்திலர்.

அதன் காரணத்தை அறியக் காலநிலையை நோக்கல் வேண்டும். 1897-இல் கமுதி ஆலயத்துள் நம்மவர் புகுந்தமைபற்றி எழுந்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் நமக்கு மாறாகவே முடிந்தது. இடையே 1899-இல் சிவகாசிக் கலகம் நிகழ்ந்தது. தீர்ப்பு வந்த ஞான்று இவர் 15 வயதளவினர். தம் குலத்தார் கைப்பொருள் எவ்வளவு பெருகினும் கோயில் வாயில் திறவாதென்பதை இளமையிலேயே கண்டவர் இவர்.

1910-இல் பொறையாற்றில் இரத்தினசாமி நாடாரவர்கள் கூட்டிய மாநாட்டிலே நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. பிற்காலத்தில் அதன் தலைமை இவரிடம் வந்தது. நீதிக் கட்சியைச் சார்ந்து சென்னைச் சட்டசபையிலும் நியமன உறுப்பினராய் அமர்ந்தார். அரசாங்கப் பதிவேடுகளில் நம்மைக் குறித்துவந்த பழம்பெயர் நீங்கி, நாடார் என்னும் பெயர் ஏறியது 1921-இல். (நம் ஊர்ப்பெயரில் மட்டும் அப்பழம்பெயர் இன்றும் நிலைத்திருத்தலை அன்பர்கள் அறிவர்.)

இம்மட்டோடு நின்றிருப்பின் இவரைச் சாதித் தலைவர் பலருள் ஒருவரென்றே எண்ணியிருப்போம். 1928-இல் இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவரானார். அக்காலத்திலே அந்த ஜில்லாவில் ஓடிய தனியார் பஸ்களில் ஆதிதிராவிட மக்களை ஏற்ற மறுக்கும் வழக்கம் இருந்தது. கூலிக்குரிய காசைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் வெயிலில் நடந்தனர். போர்டுச் சாலைகளில் வண்டி ஓட்டுவதற்கு லைசென்ஸ் அளிப்பது போர்டின் அதிகாரமாதலின், சௌந்தரபாண்டியனார் நீண்ட பிரசங்கம் ஒன்றும் செய்யாமல், எவரையேனும் சாதிபற்றி ஏற்ற மறுக்கும் வண்டியின் லைசென்ஸ் ரத்தாகுமென்று உத்தரவிட்டார். லைசென்ஸ் இன்றேல் வண்டி ஓடாது. வண்டி ஓடாதேல் முதலுக்கே நட்டம். தோட்டமும் வாணிகமும் நடத்தி இலாபநட்டம் அறிந்தவர் கண்ட வழி அது. தம்மை உள்ளே விடாத வாயிலுக்காக வழக்காடுவோர் பலர். தமக்குக் கீழென்று பிறர் வைத்த மக்களுக்காகக் கைக்கு வந்த அதிகாரத்தைச் செலவிடுவோர் சிலர். கமுதிக்காக வருந்திய நம் முன்னோருள்ளும் எத்தனை பேர் தம் வீட்டுத் திண்ணையில் அம்மக்களை அமர்த்தினர் என்று நம்மை நாமே வினவிக்கொள்ளல் தகும்.

1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18-ஆம் நாட்களிற் செங்கற்பட்டில் நிகழ்ந்த முதலாவது சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் இவரே. பெயரின் பின்னே சாதிப் பட்டம் இடுதல் ஒழிக என்பது ஆண்டு நிறைவேறிய தீர்மானங்களுள் ஒன்று. பிறர்க்கு உரைத்ததைத் தாமே முன்செய்து, அன்றுமுதற் பட்டத்தை விடுத்தார். சாதிச் சங்கத்தின் தலைவர் சாதிப் பட்டத்தைத் துறந்தது முரணன்றோ என்று அக்காலத்தே ஐயுறுதல் இயல்பே. இக்காலத்தும் நம்மிற் சிலர் வினவுகின்றனர். சங்கம் தாழ்த்தப்பட்டார் எழுதற்கு ஊன்றுகோல், எழுந்தவர் பிறரைத் தாழ்த்தற்குரிய கோலன்று என அவர் கருதினாரென்றே நாம் கொள்கின்றோம். இக்கட்டுரையில் அவர் பெயரோடு பட்டஞ் சேர்த்திலோம். அச்சுப் பிழையென்று எவரும் திருத்தற்க.

1943 முதல் மதுரை ஜில்லா போர்டுக்கும் தலைமை பூண்டார். 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் தம் 59-ஆம் வயதிற் காலமானார். சென்னைத் தியாகராய நகரிலே துணியும் நகையும் வாங்கச் செல்லும் நம் குடும்பத்தார் பாண்டி பஜார் என்று வழங்கும் வீதி இவர் பெயரால் அமைந்ததே. பாண்டிச்சேரியால் வந்த பெயரென்று அங்கே பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.