சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்

நுழையும்முன்

உடலின் ஒரு பகுதி இயக்கத்தை இழந்துவிட்டால் வாழ்வில் எஞ்சுவது என்ன? இழந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இவ்வினாவின் விடை கிடைப்பதில்லை. எஞ்சியதை எண்ணத் தொடங்கிய ஒருவரின் வரலாறு இது. மருத்துவராகப் பணி தொடங்கி, நோயாளியாகப் படுக்கையில் கிடந்து, மீண்டும் மருத்துவராகச் சக்கர நாற்காலியில் அறுவை அரங்கிற்குள் நுழைந்தவர் மேரி வர்கீஸ். அவர் வேலூரில் ஊன்றிய வித்து, இன்று மறுவாழ்வு மருத்துவம் என்னும் பெருமரமாக வளர்ந்து நிற்கிறது.

செய்தி முடியும் இடம்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு வெடிவிபத்துச் செய்தி புதிதன்று. பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை உராய்வினால் தீப்பற்றுகிறது. அறையின் சுவர் சரிகிறது. இறந்தோர் எத்தனை பேர், காயமுற்றோர் எத்தனை பேர் என்று மறுநாள் நாளிதழ் கணக்குத் தருகிறது. அத்துடன் செய்தி முடிந்துவிடுகிறது. காயமுற்றவரின் கதையோ அன்றுதான் தொடங்குகிறது. தீப்புண் ஆறியபின் விரல்கள் மடங்கி இறுகிப்போவதுண்டு. இடிபாட்டில் முதுகெலும்பு நொறுங்கினால் கால்கள் இயங்காமல் போவதுண்டு. அத்தகையவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது உயரமான வாசற்படி அவரை எதிர்கொள்கிறது. நான்கு பேர் தூக்கி அவரை உள்ளே கொண்டு சேர்ப்பர். மீண்டும் அவர் எப்போது வெளியே வருவார்? எதற்காக வருவார்?

உயிரைக் காப்பதுடன் மருத்துவத்தின் கடமை முடிந்துவிடுகிறதா என்னும் இக்கேள்வியை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தம் உடலிலேயே எதிர்கொண்டவர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

இளமையும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டில், கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்தார். ஆழ்ந்த இறைப்பற்றுடைய பெரிய குடும்பம் அவருடையது. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, மருத்துவம் பயில வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனையும், 1918இல் அவரே பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் வளர்ந்து உருப்பெற்றதே அக்கல்லூரி. அங்குப் பட்டம் பெற்ற மேரி, மகளிர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற விரும்பினார். தாய்மார்க்குப் பணியாற்றும் எதிர்காலம் அவர் கண்முன் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு நொடியில் மாறிய வாழ்வு

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களுடன் மேரி ஒரு சிற்றுலா சென்றார். வழியில் அவர்கள் சென்ற ஊர்தி கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. மேரியின் முகத்தில் ஆழமான காயம். அந்த வடு வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. அதனினும் பெரிய காயம் வெளியே தெரியவில்லை. அவருடைய தண்டுவடம் சிதைந்திருந்தது.

மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்வுகளை மூளைக்கும் எடுத்துச் செல்லும் நரம்புக் கற்றையே தண்டுவடம். முறிந்த எலும்பு கூடும். சிதைந்த தண்டுவடம் அவ்வாறு கூடுவதில்லை. காயத்திற்குக் கீழே உள்ள பகுதி இயக்கத்தை இழப்பதோடு உணர்வையும் இழக்கிறது. நெடுநேரம் ஒரே நிலையில் கிடந்தால் நம் உடல் வலியை உணர்ந்து தானே புரண்டு படுக்கும். உணர்வற்ற உடலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. தோல் அழுந்தி, குருதியோட்டம் தடைப்பட்டு, அழுத்தப்புண் உண்டாகும். சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்படும். இரண்டாம் உலகப் போர்க்காலம்வரை தண்டுவடக் காயமுற்றோரில் பெரும்பாலோர் இவற்றாலேயே உயிரிழந்தனர். மருத்துவம் கற்ற மேரிக்கு இவையெல்லாம் நன்கு தெரியும். பிறர் நோயைக் கண்டறியக் கற்ற அறிவே அவருக்குப் பெருஞ்சுமையாயிற்று.

இனி நடக்க இயலாது என்னும் உண்மையை மனம் ஒரே நாளில் ஏற்பதில்லை. அறுவை மருத்துவங்கள், வலி, மாதக்கணக்கில் படுக்கை, இவற்றிற்கிடையே கால்கள் மீளும் என்னும் ஏக்கம். இறைநம்பிக்கை மிக்க மேரியின் வேண்டுதல்களிலும் அவ்வேக்கம் இருந்தது. மீளாத கால்களுக்காகக் காத்திருக்கும் நாள்கள் வீணே கழியும் என்பதையும் அவர் மெல்ல மெல்ல உணர்ந்தார். அவ்வுணர்வு கசப்பானது. ஆயினும் அவருடைய இரண்டாம் வாழ்வு அங்கிருந்தே தொடங்கியது.

கைகள் கண்ட வழி

அக்காலத்தில் வேலூரில் அறுவை மருத்துவராக விளங்கியவர் பால் பிராண்ட். தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீரமைப்பதில் உலகிற்கு முன்னோடியாகத் திகழ்ந்தவர் அவர். மேரியின் கால்கள் ஓய்ந்தாலும் கைகள் ஓயவில்லை என்பதை அவர் கண்டார். மகப்பேற்று அறுவையை மருத்துவர் நின்றுகொண்டு செய்தாக வேண்டும். கைக்குச் செய்யும் நுண்ணிய அறுவை அத்தகையதன்று. நோயாளியின் கையைச் சிறு மேசைமீது நீட்டிவைத்து, மருத்துவர் எதிரே அமர்ந்தே அதனைச் செய்யலாம். கால்கள் இயங்கும் மருத்துவரும் அமர்ந்து செய்யும் பணியைச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஏன் செய்யக்கூடாது? பிராண்ட் வழிகாட்ட, மேரி அத்துறையில் பயிற்சி பெற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார்.

ஊன்றுகோல்களும் கால் தாங்கிகளும் கொண்டு சில அடிகள் எடுத்துவைக்கத் தண்டுவடக் காயமுற்றோர் பலர் பயில்வதுண்டு. அவ்வாறு நடக்கும்போது இரு கைகளும் கோல்களைப் பற்றிக்கொண்டிருக்கும். சக்கர நாற்காலியோ சென்று சேர்ந்த இடத்தில் இரு கைகளையும் விடுவித்துவிடுகிறது. சக்கர நாற்காலியைத் தோல்வியின் அடையாளமாக எண்ணுவோர் இந்த எளிய உண்மையைக் காண்பதில்லை. கைகளையே கருவியாகக் கொண்ட மேரிக்கு அந்நாற்காலி வேலைக்குச் செல்லும் வழியாயிற்று.

அவர் செய்த அறுவையின் இயல்பும் எண்ணத்தக்கது. தொழுநோய்க் கிருமிகள் முழங்கையருகே செல்லும் நரம்பைத் தாக்கும்போது, உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. செயலிழந்த தசைக்கு உயிரூட்ட இயலாது. ஆதலின், நலமாயுள்ள வேறொரு தசையின் நாணை இடம் மாற்றி விரலில் இணைப்பர். பின்னர், அத்தசை தன் புதிய பணியைச் செய்யப் பல வாரங்கள் பழக்குவர். ஓய்ந்த தசையின் வேலையை உயிருள்ள தசை மேற்கொள்கிறது. மேரியின் வாழ்விலும் நிகழ்ந்தது இதுவே.

ஊராலும் உறவாலும் விலக்கப்பட்ட தொழுநோயாளிகள், தம்மினும் இயக்கம் குறைந்த ஒருவர் தம் கைகளைத் திருத்த வருவதைக் கண்டனர். முகத்தில் வடுவும் உணர்வற்ற கால்களும் உடைய அவரிடம் அவர்கள் கூச்சமின்றிப் பேசினர். மருந்து தராத நம்பிக்கையை அவருடைய வருகை தந்தது.

மறுவாழ்வைக் கற்றல்

பின்னர் மேரி, ஆசுத்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று தண்டுவடக் காயமுற்றோர்க்கான பயிற்சியைப் பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், கைகளையும் தோள்களையும் வலுப்படுத்துதல், உடலை அடிக்கடி உயர்த்தி அழுத்தப்புண்ணைத் தடுத்தல் போன்றவை அப்பயிற்சியின் கூறுகள். பிறர் உதவிக்குக் காத்திராத ஒவ்வொரு செயலும் ஒரு விடுதலை. தமக்குக் கிடைத்த இவ்வாய்ப்பு தம் நாட்டில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்னும் எண்ணம் அவரை அடுத்த பயணத்திற்கு இட்டுச்சென்றது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மருத்துவர் ஹோவர்டு ரஸ்க் நிறுவிய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் மேரி உயர்பயிற்சி பெற்றார். போரில் காயமுற்ற விமானப்படை வீரர்களுக்கு மருத்துவம் செய்தபோது, புண் ஆறிய வீரன் வேலைக்கும் வீட்டிற்கும் திரும்பும்வரை மருத்துவம் தொடர வேண்டும் என்று உணர்ந்தவர் ரஸ்க். அறுவை மருத்துவராக நிலைபெற்றுவிட்ட மேரி, மீண்டும் மாணவராகிப் புதியதொரு துறையைக் கற்றுத் தேர்ந்தார்.

பாகாயத்தில் ஒரு முதல் தொடக்கம்

தாயகம் திரும்பிய மேரி, 1963இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைப் பொறுப்பை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அமைந்த முதல் நிலையம் அதுவே.

அத்தகைய நிலையத்தில் மருத்துவர் ஒருவரே எல்லாம் செய்துவிட முடியாது. செவிலியர், இயன்முறை மருத்துவர், செயற்கை உறுப்பும் தாங்கியும் செய்வோர், தொழில் கற்பிப்போர் ஆகிய அனைவரும் ஒரு குழுவாக இயங்க வேண்டும். மரமேறும்போது தவறி விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், சாலை விபத்தில் சிக்கியவர் எனப் பலரும் அந்நிலையங்களை நாடுவர். அவர்களுள் பெரும்பாலோர் உடலுழைப்பால் குடும்பம் காத்தவர்கள். அவர்கள் திரும்பிச் செல்வது மேடுபள்ளமான தெருவுக்கும் படிகள் உள்ள வீட்டுக்கும். ஆகவே, உடற்பயிற்சியோடு அமர்ந்து செய்யத்தக்க தொழிலையும் அவர்கள் கற்க வேண்டும். அவர்தம் குடும்பத்தாரும், எங்கே உதவ வேண்டும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதைக் கற்க வேண்டும். அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் தாமே செய்துவிடும் உறவினர், தம்மை அறியாமலேயே அவரை மீண்டும் படுக்கைக்கு அனுப்பிவிடுகின்றனர்.

மேரியின் பணியைப் போற்றி இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் 1986இல் மறைந்தார். பாகாயத்து நிலையம் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

• தண்டுவடக் காயமுற்ற வீரர்களுக்காக மருத்துவர் லுட்விக் குட்மன், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948இல் விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கினார். இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவை நடைபெற்றன. இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அதுவே.

• இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகையான குறைபாடுகளை ஏற்றுள்ளது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும் அவற்றுள் அடங்குவர். அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டிற்குக் குறையாமலும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாமலும் இடஒதுக்கீடு அளிக்க அச்சட்டம் வகைசெய்கிறது.

வாசற்படியைக் கடந்து

மேரியின் மனவுறுதியைப் புகழ்ந்துவிட்டு நாம் அமைதி கொள்ளலாகாது. அவருக்கு அறுவை செய்ய ஒரு மருத்துவமனை இருந்தது. வழிகாட்ட ஓர் ஆசான் இருந்தார். நாற்காலி செல்லத்தக்க தளம் இருந்தது. அவரால் வேலை செய்ய முடியும் என்று நம்பிய உடன்பணியாளர்கள் இருந்தனர். இவை இல்லாதிருந்தால் அவருடைய மனவுறுதி நான்கு சுவர்களுக்குள் அடங்கிப் போயிருக்கும். தமக்குக் கிடைத்தவற்றைப் பிறருக்கும் கிடைக்கச் செய்ததே அவருடைய பெருமை.

சிவகாசியின் ஆலைத் தொழிலாளிக்கும் அவ்வுரிமை உண்டு. விபத்தைத் தவிர்ப்பது முதற்கடமை. விபத்து நேர்ந்துவிட்டால், உயிர் பிழைத்தவரை மீண்டும் தெருவுக்கும் தொழிலுக்கும் கொண்டு வருவது அடுத்த கடமை. பள்ளியில், நூலகத்தில், அஞ்சலகத்தில், பேருந்து நிலையத்தில் படியருகே அமையும் ஒரு சாய்தளம் சிறிய செலவுதான். அச்சாய்தளத்தின் வழியே ஒரு மருத்துவரோ ஆசிரியரோ அச்சுத் தொழில் வல்லுநரோ நம்மிடையே வந்து சேரக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் நுழைவாயிலிலிருந்து வகுப்பறை, நூலகம், கழிப்பறை ஆகியவற்றுக்குச் சக்கர நாற்காலியில் செல்ல இயலுமா? தடைகளைக் குறித்துப் பட்டியலிட்டுத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.

2. சக்கர நாற்காலியை மேரி தம் பணிக்குரிய வழியாக்கிக் கொண்டமையை விளக்குக.

3. மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவும்போது எப்போது முன்வர வேண்டும், எப்போது விலகி நிற்க வேண்டும் என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.