துடுப்பும் இதயமும்: காஷ்மீரத்துப் பிஸ்கோ ஐயர்

வித்தியாசாலைகளில் விளையாட்டும் ஊர்த்தொண்டும், பாடங்கள் முடிந்தபின் எஞ்சிய பொழுதைப் போக்கும் வழிகளாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. ஆண்டின் தொடக்கத்தில் சங்கங்கள் பல தோன்றும். தலைவரும் காரியதரிசியும் தெரிந்தெடுக்கப்படுவர். ஆண்டறிக்கையில் இரண்டு வரிகள் இடம்பெறும். அத்தொண்டினால் ஊரார் பெற்ற நன்மை யாது, மாணவர் பெற்ற திறமை யாது என வினவுவார் சிலரே. இவ்விரு வினாக்களையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஸ்ரீநகரில் வாழ்ந்த செசில் ஏர்ல் டிண்டேல் பிஸ்கோ ஐயர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

பிஸ்கோ ஐயர் 1863-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு மாகாணத்திற் பிறந்தார். பிராட்பீல்டு பள்ளியிலும், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த இயேசு கலாசாலையிலும் பயின்றார். அவர் உருவத்தாற் சிறியவர், ஊக்கத்தாற் பெரியவர். 1884-இல் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் தேம்ஸ் நதியில் நடந்த படகுப் பந்தயத்தில் கேம்பிரிட்ஜ் படகுக்குச் சுக்கான் பிடித்தார், அப்படகே வென்றது. பின்னர்க் குருப்பட்டம் பெற்று, லண்டன் மாநகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒயிட்சாப்பல் பகுதியிற் சிலகாலம் ஊழியஞ் செய்தார். 1890-இல் சர்ச் மிஷனெரி சங்கத்தாரால் ஸ்ரீநகர்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவர் கண்ட மாணாக்கருட் பெரும்பாலார் பிராமணச் சிறுவர். நீண்ட அங்கியணிந்து, குளிர்காலத்தில் அதனுள்ளே காங்ரி என்னும் கனற்சட்டியைப் பற்றிக்கொண்டு அசையாது அமர்ந்திருப்பர். பரீட்சையிற் தேறி உத்தியோகம் பெறுவதே அவர்தம் நோக்கம். உடலால் உழைத்தல் இழிவு. துடுப்புப் பிடித்தல் ஓடக்காரர் தொழில். தோலைத் தீண்டுதல் தீட்டு. இவையே அவர்கள் வீட்டிற் கற்றிருந்த நெறிகள்.

1891-இல் ஐயர் தோலாலாகிய கால்பந்து ஒன்றைப் பள்ளிக்குக் கொணர்ந்தார். சிறுவர் அதனைத் தீண்ட மறுத்தனர். அவரோ ஆசிரியர்களைக் கையிற் கோலுடன் சுற்றிலும் நிறுத்தி, ஆட்டத்தை நடத்தியே தீர்த்தார். பந்து ஒரு சிறுவன் முகத்திற் பட்டது. அவன் அழ, ஏனையோர் திகைத்து நின்றனர். அவனை நீர்த்துறைக்கு அழைத்துச்சென்று முகங்கழுவுவித்து மீட்டும் ஆடச்செய்யும்படி கட்டளை பிறந்தது, அவ்வாறே நடந்தது. பிற்காலத்தில் அந்நகரச் சிறுவர் கால்பந்தைத் தம் சொந்த விளையாட்டாகவே கொண்டனர்.

ஆயினும் விளையாட்டு அவருக்கு முடிவன்று, வழியே. அவர் வகுத்த ஏற்பாட்டை ஆராயுங்கால், ஊரின் குறையை முதலில் நோக்கி, அதற்கேற்ற பயிற்சியைப் பின்னர் அமைத்தாரென்பது புலனாகும். ஸ்ரீநகரின் நடுவே ஜீலம் நதி ஓடுகின்றது; நீரில் வீழ்ந்து மாள்வோர் பலர். ஆதலின் நீச்சல் கட்டாயமாயிற்று. 13 வயதாகியும் நீந்தக் கல்லாதவன் மிகுதியான சம்பளம் செலுத்த வேண்டும். கல்லாது கழிக்கும் ஒவ்வோராண்டும் அச்சம்பளம் ஏறும். மரத்தாலாகிய வீடுகள் நெருங்கிய நகரமாதலின் தீ விபத்துகள் மிகுதி. ஆதலின் தீயணைக்கும் படையாக மாணவர் பழக்கப்பட்டனர். தெருக்களின் அசுத்தத்தால் வாந்திபேதி பரவியது. ஆதலின் மாணவரும் ஆசிரியரும் மண்வெட்டியேந்தித் தெருவில் இறங்கினர்.

படகோட்டப் பழகியவர்கள் வெள்ளக்காலத்தில் மக்களைக் கரைசேர்த்தனர். ஆர்தர் நீவ், எர்னஸ்ட் நீவ் என்னும் சகோதர வைத்தியர்கள் பணிபுரிந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நோய் தேறிவந்த ஏழைகளைப் பள்ளிப் படகுகளில் ஏற்றி, ஏரிக்காற்று வாங்கச் செய்தனர். தீண்டுதற்கும் தயங்கிய குலத்துச் சிறுவர், குலம் வினவாது நோயாளரைத் தூக்கிச் சென்றனர். இம்மாறுதல் ஒருநாளில் நிகழ்ந்ததன்று. ஆசிரியர்களே முதலிற் துடுப்பேந்தி வழிகாட்ட நேர்ந்தது. ஏளனமும் எதிர்ப்பும் நெடுங்காலம் நீடித்தன. சங்கர் கௌல் என்னும் காஷ்மீரத்துத் தலைமையாசிரியர் முதலியோர் உடன்நின்றிலரேல் ஐயரின் எண்ணம் எண்ணமாகவே முடிந்திருக்கும்.

இத்தொண்டு கணக்கிலும் ஏறியது. மாணவனுக்கு மதிப்பிடுங்கால் அறிவுக்கு மட்டுமன்றி உடலுக்கும் ஆன்மாவுக்கும் புள்ளிகள் அளிக்கப்பட்டன. பள்ளியின் சின்னமாக அமைந்தவை குறுக்கிட்ட இரு துடுப்புகள். துடுப்பு உழைப்பைக் குறிக்கும். இதயவடிவான அதன் அலகு அன்பைக் குறிக்கும். குறுக்கிட்ட நிலை தன்னலத் தியாகத்தைக் குறிக்கும்.

எனினும் ஐயரிடத்துக் குறை காணாதிருத்தல் நடுநிலையாகாது. அவர் பிரம்பை அஞ்சாது கையாண்டார். அவ்வூர் மக்களைப்பற்றி அவர் எழுதியவற்றில், ஆளும் இனத்தாரின் இறுமாப்பு இன்று நம் செவிக்கு உறுத்துகின்றது. வற்புறுத்திச் செய்விக்கும் தொண்டு தொண்டாகுமோ என்னும் ஐயமும் எழுகின்றது. நாம் கருதுவது இது: திறமையைக் கட்டாயத்தாற் கற்பிக்கலாம், இரக்கத்தை அவ்வாறு கற்பித்தல் இயலாது. நீந்தக் கற்பித்தது பள்ளி. மூழ்குபவனைக் கண்டு குதித்தது மாணவனின் உள்ளமே. ஆனால் நீந்த அறியாதவன் உள்ளம் எத்துணை இரங்கினும் கரையில் நின்று கதறுதலன்றி வேறென் செய்வான்?

1947-இல் ஐயர் காஷ்மீரத்தை நீங்கி, தம் மைந்தர் வாழ்ந்த ரொடீஷியா நாட்டை அடைந்து, 1949-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளி ஸ்ரீநகரில் இன்றும் நடைபெறுகின்றது.

பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் ஆண்டுதோறும் தொண்டுத் திட்டம் வகுக்கும் மாணவரும் ஆசிரியரும் இச்சரிதத்தினின்று கொள்ளத்தக்கவை சில உள. சங்கங்களின் தொகையைப் பெருக்குதல் வேண்டா. நம் வாயிலுக்கு அடுத்த தெருவின் குறை யாதென்று முதலிற் கண்டறிக. அக்குறையைத் தீர்க்கவல்ல திறமை ஒன்றை ஆண்டு முழுதும் பழகுக. ஆசிரியர் முதலில் இறங்குக. ஆண்டிறுதியில் எத்தனை கூட்டங்கள் நடந்தன என்று எண்ணாது, யாருக்கு என்ன பயன் விளைந்தது என்று எண்ணுக. வெள்ளம் வருநாளை யாரும் அறியார். துடுப்புப் பிடிக்கப் பழகுநாள் இன்றே.