டானியல் ஜாக்லிங்

டானியல் கோவன் ஜாக்லிங் (ஆகஸ்ட் 14, 1869 – மார்ச் 13, 1956) ஓர் அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளரும் உலோகவியலாளரும் ஆவார். தரம் குறைந்த போர்பிரி வகைச் செப்புத் தாதுவையும் பேரளவில் அகழ்ந்தால் இலாபம் ஈட்டலாம் என்பதை யூட்டா மாநிலத்தின் பிங்காம் பள்ளத்தாக்கில் நிறுவிக் காட்டினார்.

இளமை

ஜாக்லிங் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரால் வளர்க்கப்பட்டார். 1892 இல் மிசூரி சுரங்கக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் கொலராடோவின் கிரிப்பிள் கிரீக்கிலும் யூட்டாவின் மெர்க்கரிலும் தங்கத் தாது ஆலைகளில் பணியாற்றினார்.

பிங்காம் படிவம்

ஏறத்தாழ 3.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்குள்ள குவார்ட்சைட்டு, சுண்ணாம்புப் பாறைகளுக்குள் பாறைக்குழம்பு ஊடுருவியது. அது குளிர்ந்தபோது வெளியேறிய வெப்பக் கரைசல்கள் பாறை வெடிப்புகளில் கனிமங்களைப் படியவிட்டன. படிவத்தின் நடுவில் தாது குறைவு. அதைச் சூழ்ந்து மாலிப்டினைட்டும், போர்னைட்டு, கால்கோபைரைட்டு ஆகிய செப்புக் கனிமங்களும், வெளிப்புறத்தில் பைரைட்டும் காணப்படுகின்றன. செப்புக் கனிமங்களுடன் பொன்னும் நுண்துகள்களாகக் கலந்துள்ளது. மின்பகுப்பு முறையில் செம்பைத் தூய்மையாக்கும்போது எஞ்சும் வண்டலிலிருந்து அது பிரித்தெடுக்கப்படுகிறது.

திறந்தவெளிச் சுரங்கம்

1899 இல் ஜாக்லிங்கும் ராபர்ட் கெம்மலும் இப்படிவத்தை ஆய்ந்து அறிக்கை அளித்தனர். தாதுவில் செம்பு ஏறத்தாழ 2 விழுக்காடே இருந்தது. அதாவது 100 கிலோ பாறையில் 2 கிலோ மட்டுமே செம்பு. இத்தாது மெல்லிய நாளங்களாகவும் துகள்களாகவும் பாறை முழுவதும் சிதறிக் கிடந்ததால், செறிந்த தாதுவை மட்டும் தேர்ந்தெடுத்துத் தோண்டும் பழைய முறை இங்கு பயன்படவில்லை. எனவே மலையையே முழுமையாக வெட்டி எடுக்கும் திட்டத்தை ஜாக்லிங் முன்வைத்தார். பலர் இதனை நம்பவில்லை. 1903 இல் யூட்டா செப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1906 இல் நீராவி மண்வாரிகளும் தொடர்வண்டிகளும் கொண்டு திறந்தவெளி அகழ்வு தொடங்கியது. நெவாடா, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களின் போர்பிரிச் சுரங்கங்களிலும் அவர் இம்முறையைப் பரப்பினார்.

தொழிலாளர் போராட்டம்

சுரங்கத்தில் கிரேக்கம், இத்தாலி, யப்பான் முதலிய நாடுகளிலிருந்து குடியேறியோர் பெருமளவில் பணிபுரிந்தனர். 1912 இல் ஊதிய உயர்வு கோரியும், வேலைக்குப் பணம் பறித்த கிரேக்கத் தரகரை நீக்கக் கோரியும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தரகர் பதவி விலகினார். ஆயினும் நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தது. மாற்றுத் தொழிலாளர்களைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தது.

பிற்காலம்

1933 இல் ஜாக்லிங் ஜான் பிரிட்ஸ் பதக்கம் பெற்றார். கலிபோர்னியாவின் உட்சைடு நகரில் 1925 இல் கட்டப்பட்ட அவரது மாளிகையை 1984 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் வாங்கினார். அது 2011 இல் இடிக்கப்பட்டது.

பிங்காம் குழி பின்னர் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் அகலமும் 1 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்டதாக விரிவடைந்தது. தொழிலாளர் வாழ்ந்த பிங்காம் கேன்யன் நகரம் இவ்விரிவாக்கத்தால் அழிந்து, 1971 இல் கலைக்கப்பட்டது.