செம்மொழிப் பூங்காவுக்கு முன்னோடி: யார் இந்த ராபர்ட் வைட்?

தேனாம்பேட்டை செம்மொழிப் பூங்காவுக்கு வாக்கிங் போறவங்க பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. 1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் வைட், 1819-ல் கிழக்கிந்திய கம்பெனி டாக்டராக மெட்ராஸ் வந்தார். ஆனா, மனசு முழுக்க செடிகள்தான்! ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்களை வைத்து 2,000-க்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் வகைக்கே சூட்டினார். 1835-ல் மெட்ராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் உருவாக முன்நின்றார். 1853-ல் ஊர் திரும்பியவர், 1872-ல் மறைந்தார்.

கதீட்ரல் ரோட்டில் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தில் 1962-ல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் வந்தது. 2008-ல் அது மூடப்பட்டபோது அங்கே இன்னொரு கட்டடம் எழும்பியிருக்கலாம். அரசு நிலத்தை மீட்டு, 2010-ல் பூங்காவாகத் திறந்ததால், இப்போ டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே போகலாம்.