பட்டம் துறந்த வழக்கறிஞர்

திருச்சிராப்பள்ளியின் வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியம் என்பதே அப்பெயரின் விரிவு. தூய வளனார் கல்லூரியில் பயின்று, ப்ளீடர் தேர்வில் வென்று, திருச்சியிலும் பின்னர் இரங்கூனிலும் வழக்காடினார். ஆயினும், இங்கிலாந்தில் பயின்று மீண்ட பாரிஸ்டர்களுக்கே அந்நாளில் நீதிமன்றங்களில் உயர்மதிப்பு இருந்தது. அதனை நாடி, 1907இல் இலண்டன் சென்று லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார்.

பாரிஸ்டர் கல்வி விந்தையானது. தேர்வில் வென்றால் மட்டும் போதாது. 12 பருவங்களிலும் குறித்த எண்ணிக்கையிலான விருந்துகளில் உடன்பயில்வோரோடு அமர்ந்திருக்கவும் வேண்டும். புலால் உண்ணாத இந்திய மாணவர்க்கு அவை பெயரளவிலான விருந்துகளே.

ஐயருக்கு உண்மையான பள்ளியாக அமைந்தது, ஹைகேட் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ண வர்மா நிறுவிய இந்தியா இல்லம். சாவர்க்கரும் மருத்துவம் பயின்ற தி.சே.சௌ. ராஜனும் அங்கு நண்பராயினர். பொருளீட்டும் கல்விக்காகக் கடல் கடந்தவர் புரட்சியாளரானார். 1909 ஜூலையில் கர்சன் வில்லி என்னும் ஆங்கில அதிகாரியை மதன்லால் திங்ரா சுட்டுக்கொன்றபின், இந்திய மாணவர்மீது காவலரின் கண்காணிப்பு இறுகியது.

ஐயர் தேர்வுகளில் தேறினார். ஆனால், பட்டம் ஏற்பவர் பிரித்தானிய மன்னருக்கு விசுவாச உறுதிமொழி அளித்தாக வேண்டும். ஒருபுறம், ஆண்டுக்கணக்கான உழைப்பும் ஊரில் காத்திருந்த குடும்பமும்; மறுபுறம், அச்சில சொற்கள். அவர் உறுதிமொழியை மறுத்தார், பட்டமும் நீங்கியது.

1910இல் சாவர்க்கர் கைதானபின், ஐயர் மாறுவேடத்தில் தப்பினார். கப்பலில் துப்பறிவாளர் ஒருவர், அவர் பெட்டியிலிருந்த வி.வி.எஸ். என்னும் எழுத்துகளைக் கண்டு ஐயுற, அவை வீர விக்ரம் சிங் என்னும் தம் பெயரின் முதலெழுத்துகள் எனக் கூறி மீண்டார் என்பர். தாடி வளர்ந்த அத்தோற்றத்தோடு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்து, பாரதியாரோடும் அரவிந்தரோடும் பழகினார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்ததும் அங்கேதான்.

1920இல் தமிழகம் திரும்பி, தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். அடுத்த ஆண்டே அரசநிந்தனைக் குற்றத்திற்காக ஒன்பது மாதச் சிறை. சட்டம் கற்றவர் பெல்லாரிச் சிறையில் கம்பராமாயணத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பின்னர் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் மாணவருக்குச் சாதிவாரியாகத் தனிப்பந்தி இருந்தது. வரதராசலு நாயுடுவும் பெரியாரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர், அவ்வெதிர்ப்பு நியாயமானதே. அப்பூசல் ஆறுமுன், 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்த ஐயர், மகளோடு நீரில் மூழ்கி உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 44.