ஓய்வு வயது 65: பிஸ்மார்க் வைத்ததா? உண்மை என்ன?

ஓய்வு வயதை 65 என முதலில் வைத்தவர் ஜெர்மனியின் பிஸ்மார்க் என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் அவர் வைத்தது 70!

1815-ல் பிறந்த ஓட்டோ வான் பிஸ்மார்க், 1871-ல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனார். அரசு அதிகாரிகளுக்கு ஏற்கெனவே பென்ஷன் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு வயசானா பிள்ளைகள்தான் கதி.

தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் சாய்ந்தார்கள். 1878-ல் அந்த அமைப்புகளுக்குத் தடை போட்டார், பலிக்கவில்லை. அடுத்து சலுகை வழி: 1883-ல் நோய்க் காப்பீடு, 1884-ல் விபத்துக் காப்பீடு, 1889-ல் முதியோர் பென்ஷன் சட்டம்.

பணம் யார் கட்டுவது? தொழிலாளியும் முதலாளியும் சரிபாதி. அரசும் ஒரு பங்கு சேர்த்தது. ஆனா 70 வயசைத் தொட்ட தொழிலாளிகள் குறைவு. அதற்கு முன்பே உடல் முடங்கியவர்களுக்குத் தனி பென்ஷன் உண்டு.

1890-ல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முடன் மோதல். பதவி விலகியபோது பிஸ்மார்க்குக்கு வயது 74. 1898-ல் காலமானார்.

வயது வரம்பு 65 ஆனது 1916-ல்தான். இப்போ ஜெர்மனி அதைப் படிப்படியாக 67-க்கு உயர்த்துகிறது. ஒரு வயசு ஏறினா அரசுக்கு ஒரு வருஷ பென்ஷன் மிச்சம். தொழிலாளிக்கு ஒரு வருஷ உழைப்பு கூடுதல். சண்டையே இதில்தான்.