கை நீட்டிய அரசி

நாம் பயில வந்திருக்கும் இத்திருவனந்தபுரத்திலிருந்து முன்னாளில் நாடாண்டவர் கௌரி லட்சுமி பாய். 1791-இல் பிறந்த அவர், 1810-இல் திருவிதாங்கூர் அரசுப் பொறுப்பை ஏற்றார். 1812-இல் அடிமைகளை விற்பதற்கும் வாங்குவதற்கும் தடை விதித்தார்.

அந்நாளில் பெரியம்மை ஊர்களைச் சூறையாடியது. இங்கிலாந்தில் ஜென்னர் 1796-இல் பசுவம்மைப் பாலைக் குத்திக் காட்டிய முறையை, அரசி 1813-இல் இந்நாட்டில் தொடங்கினார். மக்களோ அஞ்சினர். அரசி என் செய்தார்? தாமும் தம் குடும்பத்தாரும் முதலில் அம்மை குத்திக்கொண்டு வழிகாட்டினார்.

‘இனாகுலேஷன்’ என்னும் சொல், இலத்தீனில் கண்ணையும் மரத்தின் மொட்டையும் குறிக்கும் ‘ஆகுலஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. ஒரு மரத்தின் மொட்டை மற்றொன்றில் ஒட்டுக்கட்டுவதே அதன் முதற்பொருள். அம்மை குத்துதலைக் குறித்தது பிற்காலத்தில்தான். மருந்து உடலில் ஒட்டுவதற்குமுன் நம்பிக்கை உள்ளத்தில் ஒட்டவேண்டும். அந்த ஒட்டைக் கட்டியவர் இந்த அரசி.

1815-இல், ஏறத்தாழ நம் வயதிலேயே, அவர் மறைந்தார். 1980-இல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அறிவியல் கற்கும் நாம் விடுமுறையில் ஊர் செல்கிறோம். தடுப்பூசிக்கு அஞ்சும் உறவினரிடம் விரிவுரை ஆற்றுவதற்குமுன், நம் கையை நீட்டுவோம்.